வட்டையைக் கடந்த சத்தம்

என் கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, தையல் காய்ந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, கொட்டிலில் கிடந்த காரின் மேலிருந்த தறப்பாளை இழுத்துப் போட்டதுதான். அதற்குள் குடியிருந்த எலிகள் நாலு பக்கமும் சிதறி ஓடின. நான் கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டு நின்று பார்த்தேன். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் குனிந்து, காரின் முன்மூடியைத் தூக்கி, உள்ளே தலையை விட்டார்.

"இத இப்ப என்னத்துக்குத் திறக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்னைத் திறந்து பாத்திட்டாங்கதானே. இதையும் ஒருக்காத் திறந்து பாப்பம்" என்றார்.

அது ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டின உயரம், வேண்டும்போது மட்டும் மேலே எழும்புகிற முன்விளக்குகள். டவுனில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, ஓடாமல் கிடந்த இதை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கேட்டு வாங்கினார் என்பது பிறகுதான் தெரியும். பிழைப்புக்கு டவுனில் லேத் பட்டறை ஒன்று வைத்திருந்தார். தண்ணீர்ப் பம்பு, உழவு மெசின், நெல்லுச் சூடு அடிக்கிற மெசின் என்று வவுணதீவிலிருந்து உன்னிச்சை வரைக்கும் விவசாயிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இந்தக் காரின் எஞ்சினை மட்டும் அவர் ஒருநாளும் திறந்ததில்லை. திறப்பேன், திறப்பேன் என்று சொல்லிக்கொண்டே வருடங்கள் போயிருந்தன.

நான் குடும்பநல மருத்துவமாது. சனங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுவார்கள். வாவிக்கு மேற்குப் பக்கத்து ஊர்களில் கர்ப்பிணித் தாய்மாரைப் பதிந்து, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. நோய் ஈரலுக்கும் போய்விட்டது என்று அறிக்கையில் இருந்ததை வைத்தியர் விளக்குவதற்கு முன்பே நான் வாசித்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவரும் வாசித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், கிடைக்கிற காலத்துக்குள் அந்தக் காரை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரே மகள் கனடாவில். அவளுக்கு எப்போது சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

உதவிக்கு வந்தவர் காத்தான்குடியில் இருக்கிற அவருடைய நண்பர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் பல வருடம் வளைகுடா நாட்டில் ஒரு கராஜில் வேலை செய்தவர். அங்கே பணக்காரப் பொடியன்கள் இந்த மாதிரி எஞ்சின் பூட்டிய கார்களை ஓட்டி உடைத்துக்கொண்டு வருவார்களாம். நானாவுக்கு அந்த எஞ்சின் கைப்பழக்கம். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து மோட்டார்சைக்கிள் பாகம் விற்கிற கடை போட்ட பிறகு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. சேதி கேட்டதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். வந்த அன்றே கொட்டிலின் கூரை வளைமரத்தில் சங்கிலி கட்டி எஞ்சினை மேலே தூக்கிவிட்டார்கள். ஒரு காருக்கு இவ்வளவு சின்ன எஞ்சினா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு அரிசி மூட்டை அளவுதான்.

எனக்குப் புரிகிற மாதிரி நானாதான் சொல்லித் தந்தார். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இதில் பிஸ்டனே இல்லை. பக்கங்கள் கொஞ்சம் ஊதினமாதிரி இருக்கிற ஒரு முக்கோண இரும்பு, நடு இடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்கு ரோட்டர் என்று பெயர். அந்த எஞ்சினில் இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றின் மூன்று முனையிலும் நகம் போல ஒரு மெல்லிய சீல், அதற்குக் கீழே வில் மாதிரி வளைந்த ஒரு ஸ்பிரிங். முனை எப்போதும் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும். உரசாவிட்டால் காற்றடைப்புப் போய்விடும், எஞ்சின் செத்துவிடும்.

திறப்பதற்கே நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பின்பக்கத்துப் பெரிய நட்டு அசையவே இல்லை. டீசல் ஊற்றி ஊறப்போட்டார்கள். கடைசியில் ஸ்பெனருக்கு நீளமான குழாய் ஒன்றைச் செருகி, நானாவும் நானும் அதில் தொங்கினோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து பார்த்தார். நட்டு உடைகிற சத்தத்தோடு விட்டது. நாங்கள் இருவரும் மண்ணில் விழுந்தோம். அவர் சிரித்தார், பிறகு தையல் வலித்து நிறுத்தினார்.

தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே துருப்பிடித்த கறல்தான் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். யாரோ அதைத்தான் குளிர்விக்க ஊற்றியிருக்கிறார்கள். வெள்ளப் பெருக்கில் ஒருமுறை காரும் முங்கியிருந்தது. பின்பக்க ரோட்டரின் சீல்கள் முனையோடு ஒன்றாய் உறைந்து போயிருந்தன. ஒன்றைக் கழற்ற ஒரு முழுநாள் போனது. அவர் ரோட்டரை மடியில் வைத்து, ஊசிபோல் தீட்டிய ஹக்சோ பிளேட்டால் கறலைச் சுரண்டிக்கொண்டிருப்பார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனால் தலையை நிமிர்த்தமாட்டார். கூட்டின் சுவர்கள் பெரிதாய்க் கீறப்படாமல் தப்பியிருந்தன. அதைப் பார்த்துத்தான் நானா, இது உயிர் பிழைக்கும் என்றார். அந்தச் சொல்லை நான் இருக்கிற இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு அவரே என்னிடம் வருத்தப்பட்டார்.

அதற்குள் பணமில்லாமல் நாடே கவிழ்ந்துவிட்டது. காஸ் இல்லை, கரண்ட் இல்லை, பால்மா இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாயைக்கூட வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். சில கிழமைகளில் மருந்து வந்திருக்காது, அடுத்த கிழமை வாருங்கள் என்பார்கள். திரும்பி வருவோம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் இறக்க முடியாத நிலைமை. சீல்களும் ரப்பர் வளையங்களும் நானாவின் சொந்தக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டிக்குள் பேரீச்சம்பழத்தோடு வைத்துக் கொண்டுவந்ததால் கிடைத்தன.

மருந்து ஏற்ற ஏற்ற அவருடைய விரல்கள் மரத்துப் போயின. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம். குளிர்ந்த எதைத் தொட்டாலும் கரண்ட் அடித்தது போல இருக்கும். மற்ற நேரத்தில் விரல்நுனியில் உணர்ச்சியே இருக்காது. காலையில் ஸ்பெனரைத் தொட்டதும் கையை உதறிவிடுவார். என் பழைய கம்பளிக் காலுறை இரண்டைக் கையில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார். ஒருநாள் சீலுக்குக் கீழே வைக்கிற ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார். மேசையில் தேடினார், மண்ணில் தேடினார். அது அவர் இடது கையின் விரல்களுக்கு இடையிலேயே இருந்தது. நான் சொன்ன பிறகுதான் குனிந்து கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல் முறை எஞ்சினை அடுக்கிய நாளில் நான் கிளினிக்குக்குப் போயிருந்தேன். நானாவுக்கும் கடையில் வேலை. அவர் பொறுக்காமல், தண்ணீர் ஓடுகிற பாதையை அடைக்கிற ரப்பர் வளையங்களைத் தானே தட்டுகளின் பள்ளத்துக்குள் பதித்திருக்கிறார். மறுநாள் எல்லாம் இறுக்கி, தண்ணீர் விட்டுக் காற்றடித்துப் பார்த்தபோது உள்ளே தண்ணீர் கசிந்தது. திரும்பவும் முழுவதையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஒரு வளையம் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு இரும்புக்கும் நடுவில் நசுங்கிப்போய் இருந்தது. அது பள்ளத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று அவருடைய விரலுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானா, இன்னொரு வளையம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் நசுங்கின வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இஞ்ச வாகா" என்று என்னைக் கூப்பிட்டார். "எனக்கு இனி ஏலா. நான் சொல்லச் சொல்ல நீ செய்."

அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் போனேன். விருப்பத்தோடு போனேன் என்று சொல்லமாட்டேன். கிளினிக் முடிந்து, விறகு அடுப்பில் சமைத்து வைத்துவிட்டு, பின்னேரங்களில் போய் இருப்பேன். வளையங்களில் வசிலீன் பூசிப் பள்ளத்துக்குள் பதிப்பது, சீல் போகிற பிளவுக்குள் ஸ்பிரிங்கை இறக்கி அதன்மேல் சீலை இருத்துவது, மூலைத் துண்டு விழாமல் விரலால் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டை இறக்கச் சொல்வது. அவர் கதிரையை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டே இருப்பார். வளைவு கீழே பார்க்க வேண்டும், அமத்தினால் திரும்பி எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் எடுத்துவிடு. கலியாணம் முடித்து முப்பது வருடத்துக்கு மேல். இவ்வளவு கதை எங்களுக்குள் இருந்ததில்லை. கதை முழுவதும் சீலையும் ஸ்பிரிங்கையும் பற்றியதுதான். நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

எஞ்சின் முடிந்து, காருக்குள் இறக்கி, கம்பிகள் பூட்டி, பற்றரி வைத்த நேரத்தில் பெற்றோல் இல்லை. எங்கள் ஊரில் மட்டுமல்ல, நாட்டிலேயே இல்லை. வரிசைகளில் ஆட்கள் நாள்கணக்கில் கிடந்தார்கள். சுகாதார ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாளிலும் சிலவேளை பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வராது. வந்தால் கிடைக்கிறதை ஸ்கூட்டருக்கு அடித்துக்கொண்டு வந்து, அதை வைத்து ஊர்களுக்குப் போவேன். பஸ் ஓடாத ஊர்கள் அவை. கிட்ட இருக்கிற வீடுகளுக்குச் சைக்கிளில் போய், தூரத்துக்கு மட்டும் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் அவர் கேட்டார். கொஞ்சம்தான், ஒரு போத்தல் போதும், ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி நிற்பாட்டிவிடுவேன் என்றார்.

நான் ஏலாது என்றேன். வயல் வட்டைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நிறைமாதத் தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். இருபத்திரண்டு வயது. புருஷன் வாவியில் மீன் பிடிக்கிறவன். அந்தக் கிழமை அவளுடைய பிறசர் ஏறிக்கொண்டு வந்தது, காலும் வீங்கியிருந்தது. எந்த நேரமும் போக வேண்டி வரலாம் என்பதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம். அது சரிதான்" என்றார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு, தூரத்துக் கிளினிக் ஒன்றுக்கு அலுவலக வாகனம் போனது. பெற்றோலை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் அதிலேயே போய்விட்டேன். ஸ்கூட்டர் வீட்டில் நின்றது. பின்னேரம் திரும்பி வரும்போது எங்கள் தெரு ஒழுங்கையில் சனம் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. கொட்டிலைச் சுற்றி நீலப் புகை இன்னும் முழுதாகக் கலையவில்லை. நானா எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். ஓடிற்று தங்கச்சி, ஓடிற்று என்றார். முதலில் சும்மா சுற்றியதாம். பிறகு ஒரு பக்கம் பிடித்து வெடித்ததாம். உள்ளே பூசின வசிலீனெல்லாம் எரிந்து புகை வீட்டுக் கூரைக்கு மேலே போனதாம். பிறகு இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. புகைக்குழாய் உக்கிப்போய்க் கழற்றி வைத்திருந்ததால் சத்தம் ஊரைக் கூட்டிவிட்டது. என் கணவர்தான் உள்ளே இருந்து மிதித்திருக்கிறார். அழுதாரா என்று கேட்டேன். இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் என்றார் நானா.

வீட்டுக்குள் போனேன். அவர் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, சாப்பாட்டு மேசையில் இருந்தார். பல மாதமாக இரண்டு வாய்க்குமேல் சாப்பிடாத மனிதர் அன்று மீன்குழம்போடு ஒரு கோப்பை சோறு முழுவதும் சாப்பிட்டார். திரும்பவும் குழம்பு கேட்டார்.

"நானா எங்கால பெற்றோல் எடுத்தாராம்?" என்றேன்.

"கிடைச்சிது" என்றார்.

நான் நம்பினேன். காத்தான்குடியில் கடை வைத்திருக்கிறவருக்கு எங்கேயாவது ஒரு போத்தல் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். நானாவோ, நான்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைத்திருந்தார். அவரிடம் என் கணவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த மீன்காரப் பொடியனின் அழைப்பு வந்தது. மனைவிக்கு விடியச்சாமத்தில் இருந்து தலையிடியாம், இப்போது வயிறும் வலிக்கிறதாம், கண் மங்குகிறது என்கிறாளாம். ஆம்புலன்சுக்கு அடித்திருக்கிறார்கள், வரச் சுணங்கும் என்று பதில் வந்திருக்கிறது. அவனுடைய மோட்டார்சைக்கிளில் பெற்றோல் இல்லாமல் ஒரு மாதம். வாறன், அதுவரைக்கும் இடது பக்கமாகப் படுக்கவை என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஸ்கூட்டரை எடுத்தேன். அது பிடித்து உடனே நின்றது. மறுபடியும் அடித்தேன். பிறகு தாங்கி மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அலம்பவில்லை.

தலையை நிமிர்த்தியபோது அவர் வாசலில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க நேரம் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

தார் ரோட்டால் போனால் வட்டையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேரே குறுக்கால் போனேன். அந்தப் போகம் உரம் இல்லாமல் பாதிப்பேர் விதைக்கவில்லை, நான் போன பக்கமெல்லாம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. வரம்பில் சைக்கிள் ஓடாது. கொஞ்சத் தூரம் ஓடி, கொஞ்சத் தூரம் உருட்டி, வாய்க்கால் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கும் ஐம்பத்தாறு வயது. இடையில் நின்று ஆஸ்பத்திரிப் பிரசவ விடுதிக்கு அழைத்துச் சொன்னேன். உழவு மெசினும் பெரிய வயலும் வைத்திருக்கிற போடியார் ஒருவரைக் கூப்பிட்டு, டீசல் இருந்தால் அந்த வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். பிறசர் எடுத்தேன். எழுதக் கூசுகிற அளவு. வயிற்றில் கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லுப்போல் இறுகியிருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கக் குழலை வைத்து, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் மெல்லக் கேட்டது போல இருந்தது. அது அவளுடைய துடிப்பா பிள்ளையுடையதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெசின் வந்தது. அதன் பின்பெட்டிக்குள் மெத்தையைப் போட்டு, அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது, அதில் மாற்றினோம்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. நஞ்சுக்கொடி உள்ளேயே பிரிந்துவிட்டது என்றார் வைத்தியர். முன்னதாக வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். சிலவேளை, சொல்ல ஏலாது, இப்படியானதில் பக்கத்துக் கட்டிலில் இருந்தாலும் போகிறது என்றார். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். நானும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவர் காலையில் நின்ற அதே வாசலில் கதிரை போட்டு இருந்தார். என் உடுப்பில் இரத்தம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ முதலே சொல்லியிருக்க வேண்டும்.

"பிள்ள இல்லியாம் என்ன?" என்றார்.

"ஓம்."

"என்னாலயா?"

"தெரியா" என்றேன்.

"நீ மிஸ். உனக்குத் தெரியும். சொல்லு."

"தெரியாதெண்டுதான் சொல்லுறன். டொக்டருக்கும் தெரியா."

அவர் தலையை ஆட்டினார். இல்லை, உங்களால் இல்லை என்று சொல்ல என்னால் முடிந்திருக்கும். சாகப்போகிற மனிதருக்குச் சொல்லக்கூடிய சொல்தான். வாய் வரவில்லை. ஓம், உங்களால்தான் என்று சொல்லவும் வரவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கழுவினேன்.

நானாவுக்கு அடுத்தநாள் விசயம் தெரிந்தது. வந்து முற்றத்து ஓரத்தில் குந்தியிருந்தார், உள்ளே வர மறுத்துவிட்டார். "நீங்க தந்த எண்டுதான் அவன் எனக்குச் சொன்ன, தங்கச்சி. தெரிஞ்சிருந்தா நான் தொட்டும் இரிக்க மாட்டன்" என்றார். எனக்கு அது தெரியும் என்றேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவருக்கும் அது கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் நானா வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து வருவார், அவருக்குப் பக்கத்தில் இருப்பார். இரண்டு பேரும் வேறு ஏதாவது கதைப்பார்கள். கொட்டில் பக்கம் இருவரும் போகவில்லை.

பிரசவித்த தாயை வீட்டில் போய்ப் பார்ப்பது என் கடமை. பிள்ளை இல்லாவிட்டாலும் போக வேண்டும். பிறசர் பார்க்க வேண்டும், தையல் பார்க்க வேண்டும், கட்டின பாலை வற்ற வைக்க வழி சொல்ல வேண்டும். பத்து நாளுக்குள் போனேன். அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். இருக்கச் சொன்னேன்.

"அண்டைக்கி சைக்கிளத் தூக்கிட்டு வந்தீங்களாம் மிஸ். எல்லாரும் சொன்னாங்க" என்றாள்.

"பெற்றோல் இருக்கல்ல" என்றேன்.

"ஆருக்கிட்டத்தான் இரிக்கி" என்றாள்.

கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே கதைத்தாள். முதல்நாள் பின்னேரம் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாளாம். வட்டைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய சத்தம் ஒன்று வந்ததாம். மெசினும் இல்லையாம், மோட்டார்சைக்கிளும் இல்லையாம், அப்படி ஒரு சத்தம் அவள் கேட்டதே இல்லையாம். "வயித்துக்குள்ள பிள்ள திடுக்கிட்டு உதைச்சான் மிஸ். நல்லா உதைச்சான். நான் சிரிச்சிட்டன். இவருக்கும் கைய வெச்சிக் காட்டினன். அதுக்குப் பிறகு அவன் அப்பிடி அசையல்ல." அவள் அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவனைப் பற்றி அவளிடம் இருந்த ஒரே கதை அதுதான்.

பட்டியின் காற்றை இறக்க மறந்து வைத்திருந்தேன். கை நோகுது மிஸ் என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். அவர் படுக்கையிலிருந்து, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறசர் இறங்கிவிட்டது, பால் வற்றிவிட்டது என்றேன். வேறு ஏதும் சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அவளிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்லாததையும் நான் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் எங்கள் காருடையது என்று அவளிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு இருந்த அந்த ஒன்றும் போயிருக்கும். அதைக் கேட்டுப் பிள்ளை உதைத்ததை அவரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன போயிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த எஞ்சின் ஓடின சில நிமிடம்தான் கடைசி வருடத்தில் அவர் சந்தோசமாக இருந்த நேரம். அதை அவர் தானாகவே எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டார். காரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. மருந்து ஏற்றப் போவதையும் நிற்பாட்டிவிட்டார். வயிறு வீங்கியது, கண் மஞ்சளாயிற்று. அந்தக் கடைசி நாள்களில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டியது எல்லாம் நான்தான். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கோபத்தோடும்தான் துடைத்தேன். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருமுறை என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மாரிமழை தொடங்கின கிழமை போய்விட்டார். மகளுக்கு வர முடியவில்லை. போனில் சடங்கைப் பார்த்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த பிறகு நானாவை வரச்சொல்லி, காரைக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், விற்றுத் தருகிறேன் என்றார், மகளைக் கேளுங்கள் என்றார். கொண்டுபோங்க நானா, விற்கிறதோ வைத்திருக்கிறதோ உங்கள் விருப்பம், எனக்கு இங்கே வேண்டாம் என்றேன். அவர் ஒரு லொறியையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல்நாள் மழை பெய்து முற்றம் சேறாயிருந்தது. பின்பக்கத்தில் இரண்டு பெரிய பலகையைச் சாய்த்து வைத்தார்கள். நானாவின் கையில் ஒரு போத்தல் பெற்றோல் இருந்தது. அப்போதெல்லாம் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது.

"ஸ்டார்ட் பண்ணி ஏத்தினா லேசி, தங்கச்சி. சும்மா தள்ளி ஏத்த ஏலா, இந்தச் சேத்துக்குள்ள" என்றார்.

"வேணாம் நானா. தள்ளுவம்."

ஏன் என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை உதைத்த கதையை நான் அவருக்கும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அவர் போத்தலைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட்டோம். பின்பக்கத்தில் நானும் கை கொடுத்தேன். முதல்முறை பலகையில் பாதி ஏறித் திரும்பி உருண்டு வந்தது, எல்லோரும் விலகிப் பாய்ந்தோம். ரயருக்குக் கீழே உமி கொட்டி, சாக்குப் போட்டு, இரண்டாம் முறையும் வழுக்கியது. மூன்றாவது தடவையில் ஏற்றிவிட்டோம். என் சட்டையெல்லாம் சேறு. லொறி ஒழுங்கையால் திரும்பிப் போகும்வரைக்கும் நின்றேன். பிறகு குளித்து, வேலைக்குரிய வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அன்று நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.